சாவி யார் கையில்

என் தொழில் என்னவென்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். வெளிநாட்டு உதவியில் இங்கே நடக்கும் திட்டங்கள் உருப்படியாக நடந்தனவா என்று கடைசியில் வந்து பார்க்கும் குழுக்களில் நானும் ஒருத்தி. மதிப்பீடு என்பார்கள். அதிலும் எனக்கென்று ஒதுக்கியது பால்நிலை. திட்டத்தால் ஆணுக்கு என்ன கிடைத்தது, பெண்ணுக்கு என்ன கிடைத்தது, இரண்டும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். சொல்லும்போது பெரிய வேலை மாதிரித்தான் இருக்கும். நடப்பது வேறு. எல்லாக் கேள்வியும் கேட்டு முடிந்து, பற்றீஸ் தட்டும் சுற்றி வந்து, வெளியே எங்கள் வான் வண்டிச் சாரதி ஹோர்ன் அடிக்கத் தொடங்கிய பிறகு, "மேடம், உங்கட பால்நிலைக் கேள்வி ஏதும் இருந்தாக் கேளுங்கோ" என்பார்கள். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காருகிற ஆளின் இலையில் என்ன விழுமோ அதுதான் எனக்கும் விழும்.

இத்தனை வருடமாக இதையே செய்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பு வெள்ளவத்தையில், கடல் பக்கத்து மாடி வீடொன்றில் தனியாக இருக்கிறேன். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடித்துப் போகும். ரயில் போகும்போது தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால் அது கடந்து போகும் வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கொழும்பின் வடக்குக் கோடியில், துறைமுகத்துக்கு அப்பால் இருக்கும் மட்டக்குளியில் வேலைக்கான அழைப்பும் ஒரு ரயில் போகும் நேரத்தில்தான் வந்தது. பாதிதான் காதில் விழுந்தது. விழுந்த பாதியிலேயே நான் சம்மதித்துவிட்டேன்.

காரணம் இருக்கிறது. துறைமுகக் கூலி வேலை குறைந்துபோன குடும்பங்களின் பெண்களுக்கு அந்தத் திட்டம் முச்சக்கர வண்டி கொடுத்திருந்தது. பழைய வண்டிகளைத் திருத்தி, புதுப் பெயின்ட் அடித்து, பெண்களுக்கு ஓட்டப் பழக்கி, லைசன்ஸ் எடுத்துக் கொடுத்து, அவர்களுடைய பெயரிலேயே பதிந்திருந்தார்கள். வண்டியின் பின்பக்கத்தில் உரிமையாளரான பெண்ணின் பெயரை எழுத வேண்டும் என்பதுகூட விதி. பெண்கள் என்றாலே தையல் மெஷின், கேக் வகுப்பு, கோழிக்கூடு என்று எழுதிவைத்திருக்கும் திட்டங்களைப் பார்த்துப் பார்த்து நான் சலித்துப்போயிருந்தேன். இது வேறு மாதிரி இருந்தது. உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

போவதற்கு முன்பு உரிமையாளர்கள் சிலரோடு கதைத்துப் பார்க்கலாம் என்று, தந்திருந்த எண்களுக்கு அழைத்தேன். எல்லா எண்ணிலும் ஆண் குரல். ஒருவர் சொன்னார்: "அவ சமைக்கிறா. என்ன விஷயம் எண்டு என்னட்டச் சொல்லுங்க."

சந்தோஷம் அங்கேயே கொஞ்சம் இறங்கிவிட்டது.

எங்கள் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு வெளிநாட்டுக்காரர். நல்ல மனிதர். முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். இந்த விஷயத்தில் நான் சந்தித்தவர்களில் கெட்ட மனிதர் என்று விரல் நீட்ட ஆளே கிடைக்கவில்லை. என் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

நாங்கள் போன காலையில், தேவாலய மண்டபத்துக்கு முன்னால் வண்டிகள் கழுவித் துடைத்து வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் உரிமையாளர், ஞாயிறு பூசைக்குப் போகிற உடுப்பில், கையில் சாவியோடு. தலைவர் படம் எடுத்தார். ஓட்டுகிற சீற்றில் ஏறி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் படத்துக்காகத் தூக்கி வைத்திருப்பது போல ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சாவிகளைப் பார்த்தேன். ஒன்றில் போத்தல் திறக்கிற இரும்பு தொங்கியது. இன்னொன்றில் சின்ன பிளாஸ்டிக் கிரிக்கெட் மட்டை. பக்கக் கண்ணாடிகள் எல்லாம் அந்தப் பெண்களை விட உயரமான யாருக்கோ ஏற்றபடி திரும்பியிருந்தன. வீதியின் மறுபக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை. வேலை நாளில் அங்கே ஆண்கள் கூட்டமாகச் சும்மா நின்றார்கள். வெள்ளைக்காரர் வந்தால் எந்தச் சந்தியிலும் வேடிக்கை பார்ப்பார்கள். இவர்கள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கண் முழுவதும் வண்டியில்.

மண்டபத்துக்குள் தலைவர் கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். வருமானம் கூடியதா? ஓம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவியா? ஓம். வீட்டில் மரியாதை கூடியதா? ஓம், ஓம். பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்புவிப்பதுபோல் பதில் வந்தது. பிறகு பற்றீஸ். பிறகு நான்.

"வண்டிய ஆர் ஓட்டுறது?" என்று கேட்டேன்.

திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் கொட்டாஞ்சேனைக்காரர், என் கடைசித் தம்பியின் வயது. அவர் முந்திக்கொண்டார். "எல்லாருக்கும் லைசன்ஸ் இருக்கு அக்கா."

"லைசன்ஸ் இருக்கா எண்டு நான் கேக்கேல்லத் தம்பி. ஓட்டுறது ஆர் எண்டு கேட்டனான்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். மெலிந்த உடம்பு, இறுக்கி முடிந்த கொண்டை, முப்பதுகளின் நடுவில் இருக்கலாம். "நான் ஓட்டினனான் மிஸ்" என்றாள்.

ஒருங்கிணைப்பாளர் சிரித்தார். "அவ கொஞ்சம் வாய்க்காரி அக்கா."

தலைவர் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். முன்பு ஓட்டினாளாம், இப்போது இல்லையாம் என்றேன். நல்லது, நல்லது என்று தலையாட்டி, கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த இடத்துக்குப் போக நேரமாகிவிட்டது.

வானில் ஏறி உட்கார்ந்த பிறகு நான் திரும்பிப் பார்த்தேன். தேத்தண்ணிக் கடையில் நின்ற ஆண்கள் வீதியைக் கடந்து வந்து கையை நீட்டினார்கள். பெண்கள் சாவியைக் கொடுத்தார்கள். ஒரு சண்டை இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. கூட்டம் முடிந்ததும் இரவல் கதிரையைத் திருப்பிக் கொடுப்பதுபோல் அது நடந்து முடிந்தது.

"தம்பி, இது என்ன?" என்று ஒருங்கிணைப்பாளரைக் கேட்டேன்.

அவர் வெட்கப்படவில்லை. மறைக்கவும் இல்லை. "விசிட் நாளில மட்டும் சாவி அவையிட்ட இருக்கும் அக்கா. வாறவங்களுக்கு அப்பிடிப் பாத்தாத்தான் பிடிக்கும். புருஷன்மாரும் ஒண்டும் சொல்றதில்ல, நல்ல ஆக்கள். காலையில தாறாங்க, நீங்க போனாப்பிறகு வாங்கிருவாங்க."

இதை அவர் உபசாரம் என்றே நினைத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அலுமாரியிலிருந்து நல்ல கோப்பையை எடுப்பதில்லையா, அந்த மாதிரி.

அடுத்த நாள் பிற்பகல் நான் மட்டும் பஸ் ஏறி மட்டக்குளிக்குப் போனேன். அந்தப் பெண்ணின் வீடு தொடர்மாடித் திட்டம் ஒன்றில், படிக்கட்டு முடியும் இடத்தில் இருந்தது. ஒரே அறை, நடுவில் சேலையால் ஒரு மறைப்பு. கணவன் நீர்கொழும்பில் ஒரு மரண வீட்டுக்குக் கூட்டாளியின் வாகனத்தில் போயிருந்தான். சாவி, மாதா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கியது. அதில்தான் அந்தப் போத்தல் திறக்கிற இரும்பு.

அவள் பால் விடாத பிளேன் ரீ ஊற்றித் தந்துவிட்டுக் கீழே சப்பாணி கட்டி உட்கார்ந்து கதைத்தாள். வண்டி கிடைத்த புதிதில் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பெண்பிள்ளைகளை ஏற்றி இறக்கினாளாம். பொம்பிளை ஓட்டுகிறாள் என்றதும் தாய்மார் தேடி வந்து பிள்ளைகளைச் சேர்த்தார்களாம். அவளுடைய மகளும் அதே வண்டியில் போய் வந்தாள். சில மாதம் அப்படிப் போனது.

"பிறகு?"

"பிறகு இவருக்கு ஹார்பர்ல வேலை இல்லாமப் போச்சு. வீட்டில இருந்தார். த்ரீவீல் பார்க்ல சவாரிக்கு நிக்கிற ஆக்கள் கேட்டிருக்கிறாங்க, பொஞ்சாதி ஹயர் ஓட நீ வீட்டில சோறு ஆக்கிறியா எண்டு. அண்டைக்கு வந்து, ஒரே ஒரு ஹயருக்கு எண்டு சாவியக் கேட்டார். குடுத்தன். அவ்வளவுதான் மிஸ்."

பெற்றோல் இல்லாமல் ஊரே வரிசையில் நின்ற காலத்தைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் உயர்ந்தது. "அப்ப மட்டும் வண்டி என்ட. பேர் உன்ட பேர்தானே, நீ போய் நில்லு எண்டார். வெயில்ல கிடந்து பெற்றோல் அடிச்சுக் கொண்டு வந்து குடுத்தன். ஓடினது அவர்."

பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற அவனுக்குப் பொறுமை இல்லை. அந்தத் தாய்மார் தங்கள் பிள்ளைகளை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். மகள் இப்போது பஸ்ஸில் போகிறாள்.

"சனம் நெருக்கிற பஸ். அதுக்குள்ள ஒரு வளர்ந்த பிள்ளைக்கு என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்லணுமா மிஸ்? பிள்ள வந்து ஒண்டும் சொல்றதில்ல. சட்டையத் தோய்க்கப் போட்டுட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திரும். பள்ளிக்கூடம் அடுத்த தவணை தொடங்க முன்னம் எனக்கு அந்தச் சாவி வேணும். வேற ஒண்டும் வேணாம்."

நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். அவள் அதை யோசித்து வைத்திருந்தாள்.

"சாவி பொம்பிளையிட்ட இருக்கணும் எண்டு திட்டத்தில ஒரு வரி போடச் சொல்லுங்க. அவர் பொல்லாத ஆள் இல்ல. மேல இருந்து சொன்னாக் குடுப்பார். நான் கேட்டா அது வாய். திட்டம் கேட்டா அது சட்டம்."

நாங்கள் கதைப்பதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலர் வாசலில் கூடிவிட்டார்கள். அவர்களும் வண்டிக்காரிகள்தான். எழுதாதீங்க மிஸ், எழுதினா வண்டியத் திருப்பி எடுத்திருவாங்க என்று கெஞ்சினார்கள். ஒருத்தி அழுதே விட்டாள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆள் மாறி ஓட்டினாலும் வீட்டில் உலை கொதிப்பது அந்த வண்டியால்தான்.

"எடுத்தா எடுக்கட்டும்" என்றாள் இவள். "இப்ப மட்டும் எங்களிட்டயா இருக்கு?"

நான் புறப்பட எழுந்தபோது அவள் மாதா படத்தைப் பார்த்தாள். பிறகு ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். "வாங்க மிஸ், கொட்டாஞ்சேனை மட்டும் கொண்டுபோய் விடுறன்."

வேண்டாம் என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை, ஏற்கனவே படியிறங்கிவிட்டாள். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பக்கக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். முகத்துவாரம் தாண்டி, கொள்கலன் லொறிகளுக்கு நடுவால், பதறாமல், தேவையில்லாமல் ஹோர்ன் அடிக்காமல் அவள் ஓட்டிய விதம் எனக்குப் பிடித்தது. வழியில் த்ரீவீல் பார்க்கில் நின்றவர்களில் ஒருவன் சிங்களத்தில் கத்தினான், "பலாகென நங்கி, பார அபே." பார்த்துப் போ தங்கச்சி, வீதி எங்களுடையது என்று. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து ஒருமுறை சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அறிக்கை எழுதத் தொடங்குவதற்கு முன்பு, நாங்கள் விளங்கிக்கொண்டது சரியா என்று கேட்க மறுபடி எல்லோரையும் கூப்பிடுவது எங்கள் வழக்கம். அந்தக் கூட்டத்துக்கு அவள் வந்தாள். மேலுதடு வீங்கித் தையல் போட்டிருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்தாள். தலைவர் பதறிப்போய் என்ன நடந்தது என்றார். பாத்ரூமில் வழுக்கி விழுந்தாளாம் என்றார் ஒருங்கிணைப்பாளர், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"எழுதுங்க மிஸ்" என்றாள். வீக்கத்தில் சொல் குழறியது.

அவள் சாவியை எடுத்து என்னைக் கொண்டுபோய் விட்டதையும், அதற்குக் கணவன் அடித்திருப்பான் என்பதையும் வானில் நான் தலைவரிடம் சொன்னேன். அவருடைய முகம் வெளிறியது, உண்மையாகவே வேதனைப்பட்டார். பிறகு, குடும்ப வன்முறை எங்கள் பணி வரையறைக்குள் வராதே என்று மெதுவாகச் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாய் திறந்திருந்தால் வேலை போயிருக்கும், அறிக்கையும் வேறு யாரிடமாவது போயிருக்கும். அறிக்கைதான் அவள் கேட்டது.

அறிக்கைக்காக நான் சண்டை பிடித்தேன். பால்நிலைக்கு வழக்கமாகக் கிடைப்பது கடைசியில் ஒரு பின்னிணைப்பு. யாரும் அதுவரை புரட்டிப் பார்ப்பதில்லை. இந்த முறை அது முதலாவது அத்தியாயமாக வர வேண்டும், இல்லாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். வண்டி யார் பெயரில் என்று கேட்டு எண்ணினால் திட்டம் முழு வெற்றி. சாவி யார் கையில் என்று கேட்டால் முழுத் தோல்வி. இரண்டாவது கேள்வியைக் கேட்காத மதிப்பீடு எதற்கு என்று கேட்டேன். தலைவர் சில நாட்கள் இழுத்தார், பிறகு ஒத்துக்கொண்டார். நல்ல மனிதர் என்று சொன்னேனே.

எந்த மயக்கமும் இல்லாமல் எழுதினேன். இந்தப் பெண்களுக்கு ஓட்டத் தெரியும். ஓட்ட விருப்பமும் உண்டு. சாவியைக் கணவன்மார் வைத்திருப்பதால் ஓட்ட முடியவில்லை. சாவி பெண்ணிடமே இருப்பதைத் திட்டம் நிபந்தனையாக்க வேண்டும். பள்ளிக்கூட ஓட்டத்தைப் பெண்களுக்கே ஒதுக்க வேண்டும். பார்க்கில் பெண்களுக்கு இடம் கிடைக்கப் பேச வேண்டும். பெயர் எதுவும் போடவில்லை. அறிக்கையை அனுப்பிய மாலை, காலி வீதியில் இறங்கி நடந்து, எனக்கு நானே ஒரு சேலை வாங்கினேன். வாழ்க்கையில் ஒருமுறையாவது கடைசிப் பந்தியிலிருந்து முதல் பந்திக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான், கொழும்பு ஹோட்டல் ஒன்றில் நடந்த முடிவுக் கூட்டத்துக்குப் போனேன். மட்டக்குளிப் பெண்களைத் தேடினேன், ஒருவரும் இல்லை. ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். வீட்டு வேலையைக் கெடுக்க வேண்டாம் என்று கூப்பிடவில்லையாம். ஆட்களை ஏற்றி இறக்கத் திட்ட வண்டிகளையே பிடித்திருந்தார்கள். வாகனத் தரிப்பிடத்து மர நிழலில், கணவன்மார் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தலைமையகத்திலிருந்து பெரிய திரையில் பேசியது ஓர் இளம் பெண். என் அத்தியாயத்தைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தாள். இவ்வளவு துணிச்சலான பால்நிலை ஆய்வைத் தான் வாசித்ததில்லை என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அவள் அந்த ஆய்வின்படி எடுத்த முடிவுகளைச் சொன்னாள். பெண்கள் வண்டி ஓட்டுவதில்லை என்று ஆய்வு தெளிவாகக் காட்டியிருக்கிறதாம். பெண்கள் விரும்பாத ஒன்றை அவர்கள் மேல் திணிக்கக் கூடாதாம். ஆகவே அடுத்த கட்டத்தில் வண்டி, குடும்பத்தில் யார் ஓட்டுகிறாரோ அவருக்கே. ஏற்கனவே கொடுத்த வண்டிகளின் பதிவையும் உண்மையில் ஓட்டுகிறவர் பெயருக்கு மாற்றும் வேலையை, வரைவு அறிக்கை கிடைத்த உடனேயே தொடங்கிவிட்டார்களாம். பெண்களுக்கு, அவர்களுடைய தேவையை உணர்ந்து, கேக் வகுப்பும் தையல் வகுப்பும்.

மண்டபம் கை தட்டியது.

நான் எழுந்தேன். ஒலிவாங்கி வரும் வரை காத்திருக்கவும் இல்லை. நான் அப்படி எழுதவில்லை என்றேன். ஓட்ட விடவில்லை என்றுதான் எழுதினேன், ஓட்ட விருப்பமில்லை என்று ஒரு வரியும் எழுதவில்லை, அடித்த அடியில் வாய் கிழிந்த பிறகும் சாவி கேட்ட ஒருத்தியை எனக்குத் தெரியும் என்றேன். திரையில் இருந்த பெண் கவனமாகக் கேட்டாள். என்னுடைய அட்டவணையையே எனக்குக் காட்டினாள். பெண் ஓட்டுநர் என்ற இடத்தில் இல்லை என்று நான்தானே போட்டிருக்கிறேன் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டாள். தலைவர் தன் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

கூட்டத்தை நடத்தியவர் நான் சொன்னதை ஒரு மஞ்சள் அட்டையில் சுருக்கமாக எழுதி, பின்னால் பேச வேண்டியவை என்ற தலைப்புக்குக் கீழே சுவரில் ஒட்டினார். பின்னால் யாரும் பேசவில்லை. சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். நான் சாப்பிடாமல் வெளியே வந்தேன்.

எனக்கென்று ஒதுக்கிய வண்டி வாசலில் வந்து நின்றது. பின்பக்கத்தில் பெயர்ப் பலகையைப் பார்த்தேன். பழைய பெயரை அழித்து, புதுப் பெயின்டில் ஓர் ஆணின் பெயர். இறங்கி வந்து மழைத்திரையைத் தூக்கிப் பிடித்த மனிதனை நான் அதற்கு முன் கிட்டத்தில் பார்த்ததில்லை. சாவியை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொண்டேன். போத்தல் திறக்கிற இரும்பு அதில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏறுங்க மிஸ், வெள்ளவத்தைதானே?"

ஏறாமல் விட்டிருக்கலாம். ஏறினேன். அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி இருக்கவில்லை, என்னிடம் இருந்த தொலைபேசி எண்ணும் அவனுடையதுதான். காலி வீதியில் அவன் நன்றாகத்தான் ஓட்டினான். மரியாதையான ஆள். பஸ் இடித்துக்கொண்டு வந்தபோது எனக்காக ஒதுங்கி நின்றான். பம்பலப்பிட்டி தாண்டியதும் அவனாகவே பேச்சை எடுத்தான்.

"மிஸ் எழுதினதால்தான் எங்களுக்கு இது நடந்தது எண்டு திட்டத்துச் சேர் சொன்னார். பெரிய உபகாரம் மிஸ். சொந்தப் பேர்ல இல்லாத வண்டிய ஓட்டுறதும் ஒரு வெட்கம்தானே. இப்ப பார்க்ல ஒருத்தனும் ஒண்டும் கேக்கிறதில்ல."

"பதிவு மாத்த அவ கையெழுத்து வைச்சவவா?" என்று கேட்டேன்.

"ஓம் மிஸ், வைச்சா. வைக்காம?"

கண்ணாடி அவன் உயரத்துக்குத் திரும்பியிருந்தது. அதில் எனக்கு அவனுடைய நெற்றி மட்டும் தெரிந்தது. அவள் சுகமா என்றேன். சுகம், கேக் வகுப்புக்குப் போகிறாள் என்றான். மகள் எதில் பள்ளிக்கூடம் போகிறாள் என்றேன். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டோம் என்றான். பஸ்ஸில் போக மாட்டேன் என்று பிள்ளை ஒரே பிடிவாதமாம். காலை நேரம் தனக்கு ஒபிஸ் ஆட்களை ஏற்றுகிற ஹயர், விட முடியாதாம். பெண்பிள்ளைதானே, தாயோடு கேக் பழகட்டும் என்றான். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தணிந்தது. மகள் மேல் அவனுக்குப் பாசம் இருந்தது, அது பொய்யில்லை. எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது.

வெள்ளவத்தையில் என் வீட்டு ஒழுங்கைக்குள் திருப்பி, வாசலில் நிறுத்தினான். நான் இறங்கிக் கதவுப் பக்கம் போனபோது, "மிஸ்" என்று கூப்பிட்டான். ஏதோ மறந்துபோனதை நினைத்துக்கொண்டவன்போல் தலையைச் சொறிந்தான்.

"அவ உங்களைக் கண்டா ஒண்டு கேக்கச் சொன்னா. தனக்கு ஓட்டத் தெரியும் எண்டு மிஸ் எழுதினவவா எண்டு. நான் சொன்னன், மிஸ் எழுதியிருப்பா எண்டு. அவ சொல்றா இல்லையாம், எழுதியிருந்தா இப்பிடி நடந்திருக்காதாம்."

கடல் பக்கம் ரயில் வந்துகொண்டிருந்தது. அது போகும் வரை நான் அப்படியே நின்றேன். அவனும் காத்திருந்தான்.

"எழுதினனான்" என்றேன். "ஓட்டத் தெரியும், ஓட்ட விருப்பம், எல்லாம் எழுதினனான் எண்டு அவவிட்டச் சொல்லுங்கோ. மறக்காமச் சொல்லுங்கோ."

"சொல்றன் மிஸ்" என்று சாவியைத் திருகினான்.

அவன் சொன்னானா என்று எனக்குத் தெரியாது.